சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா?

துருவும் பெயின்ட்டும் ஏறிய இரும்பில் கேஸ் கட்டிங் ஏன் அடம்பிடிக்கிறது?

பழைய இரும்புக் கடை ஒன்றில் லாரி சேஸிஸ் முன்னால் குந்தியிருக்கிறார் அந்த இளைஞர். கையில் கேஸ் கட்டர். நீலச் சுடர் சீறுகிறது. துருச் செதில்கள் பட்பட்டென்று தெறிக்கின்றன. இரும்பு சிவந்ததுபோல்தான் தெரிகிறது. ஆனால் லீவரை அழுத்தினால் பொறி பறக்கிறதே தவிர, வெட்டு விழவில்லை.

“பிடிக்கவே மாட்டேங்குதுண்ணே.”

மூத்தவர் சுடரைக் கூட்டச் சொல்லவில்லை. உளியை எடுத்து, வெட்டு தொடங்க வேண்டிய ஓரத்தில் சுத்தியலால் ஒரே போடு. சிராய்போல ஒரு சில்லு எழும்பி நிற்கிறது. அடியில் பளிச்சென்று வெறும் இரும்பு. “இப்ப அதுல காட்டு.” சில நொடிகளில் சில்லு பழுக்கிறது. லீவரை அழுத்தியதும் வெட்டு ஓடத் தொடங்குகிறது.

அந்த ஒரு தட்டில் என்ன மாறியது?

இரும்பே விறகு

கேஸ் கட்டர் இரும்பை உருக்கி அறுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இரும்பு எரிகிறது. சுடரின் முக்கிய வேலை, இரும்பைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை பழுக்க வைப்பது. அதன்பின் நாசிலின் நடுத்துளையிலிருந்து சுத்தமான ஆக்சிஜன் பாய்ந்ததும் இரும்பே விறகாகி எரிகிறது. எரிந்து உண்டாகும் ஆக்சைடு 1,400 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். எஃகு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி தேவை. ஆகவே இந்தச் ‘சாம்பல்’ முதலில் இளகி, ஆக்சிஜனின் வேகத்தில் கீழே கொட்டி வழிவிடுகிறது. எவர்சில்வரை இப்படி வெட்ட முடியாததற்கும் காரணம் இதுதான்: அதன் மேல் உருவாகும் குரோமியம் ஆக்சைடு 2,000 டிகிரியிலும் உருகாது.

இனி துருவைப் பாருங்கள். அது ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து, சுடரே இல்லாமல் பல ஆண்டுகளாக மெல்ல எரிந்து முடிந்த இரும்பு. சாம்பலில் மறுபடி தீ பிடிக்காது. அடுக்கடுக்காக, பொறுபொறுவென்று இருப்பதால் சூட்டையும் உள்ளே விடாது. மேல் செதில் சிவந்திருக்கும். அடியிலுள்ள இரும்புக்கு இன்னும் சூடு போயிருக்காது. கண் ஏமாறுவது இங்கேதான். செதிலுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகும்போது துரு வெடித்துத் தெறிக்கும். அந்தத் துகள் நாசில் துளையில் ஒட்டினால் சுடர் கோணும், ஆக்சிஜன் சிதறும், வெட்டும் கோணலாகும்.

உளித்தட்டு வெறும் இரும்பை வெளியே கொண்டுவந்தது. எழும்பிய சில்லு மெல்லியது. அதனால் சீக்கிரம் பழுத்துத் தீயைத் தொடங்கி வைத்தது.

கோளாறு எங்கே?

வெட்டு விழாவிட்டால் பலர் செய்யும் முதல் தவறு, ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டுவது. கூடுதல் ஆக்சிஜன் பழுத்த இடத்தைக் குளிரவைத்து, வெட்டை அகலமாக்கிக் கெடுக்கும். அதற்குமுன் ஒரு சோதனை செய்யலாம். அதே கட்டர், அதே அழுத்தத்தில், அதே கனமுள்ள சுத்தமான பிளேட் துண்டை வெட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் கோளாறு பழைய இரும்பின் மேற்பரப்பில். அங்கேயும் திணறினால் நாசில், ரெகுலேட்டர், சிலிண்டர் என்று தேட வேண்டும்.

மேற்பரப்புதான் காரணம் என்றால், வெட்டுக்கோட்டின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துருவைத் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ் போட வேண்டும். முடிந்தவரை ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். எல்பிஜி சுடருக்கு அசிட்டிலீனைவிட அதிக நேரம் பொறுக்க வேண்டும். நடுவில் வெட்டு அறுந்தால் லீவரை விட்டு, கொஞ்சம் பின்னே போய், விளிம்பை மறுபடி பழுக்கவைத்துத் தொடர்வதே சரி.

ரிவெட் அடித்த இரட்டைப் பிளேட்டுகள் தனி வம்பு. இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும். நடுவில் உப்பிப் பிளேட்டுகளைப் பிரித்துவிடும். மேல் பிளேட்டை வெட்டிய தீ அந்த அடுக்கைத் தாண்டாது. உருகிய ஆக்சைடுக் கழிவான ஸ்லாக் வெட்டுபவர் பக்கமே எகிறும். ரிவெட் தலையை வெட்டிப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டுவதுதான் வழி.

பெயின்ட் தரும் புகை

பெயின்ட்டும் சூட்டை மறைக்கும். ஆனால் பெரிய ஆபத்து புகையில் இருக்கிறது. பழைய பாலங்களிலும் கப்பல்களிலும் பூசிய செந்நிறப் பிரைமர்களில் ஈயம் இருந்திருக்கிறது. சூடுபட்டால் அது மூச்சுக்குள் போகும். ஜி.ஐ. பைப்பில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும், அதாவது இரும்பு தீப்பிடிக்கும் சூட்டுக்குப் பக்கத்திலேயே. அந்த வெண்புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். ‘பால் குடித்தால் போதும்’ என்ற பட்டறை நம்பிக்கை எந்தப் புகையையும் தடுக்காது. மூடிய இடங்களில் நச்சுப் பூச்சைச் சூடுபடும் இடத்திலிருந்து 4 அங்குலம் வரை சுரண்டி எடு, அல்லது வெளியிலிருந்து குழாய்வழி காற்று வரும் முகமூடி கொடு என்கிறது அமெரிக்கக் கப்பல் பட்டறை விதி.

1983 முதல் கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலங் கடற்கரையில் கேஸ் கட்டர்தான் முக்கியக் கருவி. கப்பலில் உள்ள ஆபத்தான பொருட்களைப் பட்டியலிட வேண்டும் என்னும் ஹாங்காங் ஒப்பந்தம் 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. எதை வெட்டுகிறோம் என்பது சுடர் பற்றவைக்கும் முன்பே தெரிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நம்மூர் பழைய டிரம்முக்கும் அது பொருந்தும்: உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல், கழுவாமல், மூடியபடி வெட்டினால் அது வெடிகுண்டு.

வெட்டு முகம் சொல்லும்

துண்டு விழுந்ததும் வெட்டு முகத்தைப் பார்த்தால் மீதிக் கதை புரியும். மெல்லிய கோடுகள் நேராக இறங்கினால் வேகம் சரி. பின்னோக்கி வளைந்தால் அவசரப்பட்டிருக்கிறோம். மேல் விளிம்பு உருகி வழிந்திருந்தால் நிதானம் கூடிவிட்டது, இல்லையென்றால் சுடர் அதிகம்.

அந்த சேஸிஸ் துண்டு விழுந்தபோது அதன் முகத்தில் நல்ல வெட்டும் இருந்தது, கெட்ட வெட்டும் இருந்தது. பாதி தூரம் கோடுகள் சீப்புப் பல்போல இறங்கின. மீதி தூரம் பள்ளமும் மேடுமாக, ஸ்லாக் கட்டியாக ஒட்டிக் கிடந்தது. இளைஞர் விரலால் காட்டினார்: “இது வரைக்கும்தான்ணே பிரஷ் போட்டேன்.”