யார் யோசித்த கைது?

மதுரையிலிருந்து மேலூருக்கு வரும் பெருஞ்சாலையில், ஒத்தக்கடைக்கு அருகில், 2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை கம்பீரமாக நிற்கிறது. மேலூருக்குள்ளேயே மாஜிஸ்திரேட் கோர்ட்டும் உண்டு. நியாயஸ்தலங்கள் இத்தனை சமீபத்தில் இருந்தும், அகாலத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றால் இந்தச் சீமைக் குடியானவனின் வாயில் முதலில் வருவது “வாரண்டு இருக்கா?” என்ற ஒரே கேள்விதான். சினிமா கற்றுக்கொடுத்த கேள்வி அது. வாரண்டு இல்லையென்றால் கைது செல்லாது என்ற எண்ணத்தில் கேட்கப்படுவதால், “தேவையில்லை” என்று போலீஸார் பதில் சொன்ன மாத்திரத்தில் கேட்டவன் நிராயுதபாணியாகி விடுகிறான். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்தப் பதில் சரியானதுமாகும். ஆனால் வாரண்டு தேவைப்படாத இடத்தில்தான் சட்டம் போலீஸாரிடம் அதிகமாக எதிர்பார்க்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

பிடிவாரண்டு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் தாங்கியிருக்கவேண்டும். நிறைவேற்றப்படும் வரை, அல்லது கோர்ட்டே ரத்து செய்யும் வரை, எத்தனை வருஷமானாலும் அது உயிரோடிருக்கும். வாய்தாவுக்குப் போகாமல் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டவன், திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது பிடிபடுவது இதனால்தான். கைது செய்ய வருகிறவர் அதன் சாராம்சத்தைச் சொல்லவேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். இங்கே யோசிக்கும் பொறுப்பு மாஜிஸ்திரேட்டுடையது. கொண்டுவருகிறவர் அதை நிறைவேற்றுகிறவர் மட்டுமே.

கொலை, கொள்ளை, திருட்டு முதலிய பிடியாணை வேண்டாக் குற்றங்களிலோ, அந்த யோசனை முழுவதும் போலீஸ் அதிகாரியின் தலையில் விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இந்தப் பெயரை மேலூர் ஏட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவருக்குப் பதவி உயர்வே கொடுக்கலாம்) 35ஆம் பிரிவு, ஏழு வருஷமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில், புகார் வந்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவனைப் பிடிக்க இடம் தருவதில்லை. அவன் மறுபடியும் குற்றம் செய்வான், சாட்சியைக் கலைப்பான், தடயத்தை அழிப்பான், கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிடுவான் என்பன போன்ற காரணங்களில் ஏதேனும் ஒன்று அதிகாரிக்குத் திருப்தியாகத் தோன்றவேண்டும். தோன்றியதை அவர் எழுதிவைக்கவேண்டும். கைது அவசியமில்லை எனில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்கவேண்டும். 2014ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே வற்புறுத்தி, அந்தக் காரணங்களைப் பார்க்காமல் யந்திரம்போல் ரிமாண்ட் செய்கிற மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்லவேண்டியவரே என்று கண்டித்தது. தண்டனை மூன்று வருஷத்துக்கும் குறைவான குற்றமாயிருந்து, ஆள் அறுபது வயது கடந்தவராகவோ உடல் தளர்ந்தவராகவோ இருந்தால், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன்னனுமதி இல்லாமல் கைது கூடாதென்பது புதிய சட்டம் சேர்த்த நல்ல அம்சம்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. “எதுக்கய்யா எம்மகனக் கூட்டிட்டுப் போறீக?” என்று தாய் கேட்டால், “சும்மா விசாரணைக்குத்தான் ஆத்தா, காலையில விட்ருவோம்” என்பார் வந்தவர். நோட்டீஸும் இல்லை, கைதும் இல்லை. எழுத்தில் எதுவுமே இல்லாத இந்த இடைநிலைதான் நம் ஜில்லாக்களில் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோவிலின் காவலாளி ஒருவர், நகை காணாமற்போன புகாரில் விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டு, 2025 ஜூன் 28ஆம் தேதி இறந்தார். மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. ஆகையால் தாய் கேட்கவேண்டியது வாரண்டை அல்ல, கைதுக் குறிப்பை. கைது செய்தவர் அதைத் தயாரித்து, குடும்பத்தாரில் ஒருவரோ அவ்வூரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட, பிடிபட்டவரும் ஒப்பமிடவேண்டும். 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் ஒன்றான இது, இன்று சட்டத்தின் 36ஆம் பிரிவாக இருக்கிறது. கைதுக்கான காரணங்களை எந்தக் குற்றமானாலும் எழுத்தில், பிடிபட்டவருக்குப் புரியும் பாஷையில், கொடுத்தாக வேண்டுமென்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

காரணமே கேட்கப்படாத ஒரு காலமும் இந்த மதுரை ஜில்லாவுக்கு உண்டு. கைரேகைச் சட்டம் என்று ஜனங்கள் அழைத்த 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பெயர் பதிவான ஒருவன் ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தனக்கு விதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே காணப்பட்டால், போலீஸ்காரர் மாத்திரமல்ல, கிராம முன்சீப்பும் தலையாரியும்கூட வாரண்டின்றி அவனைப் பிடிக்கலாம். அவன் செய்தது என்ன என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பிறந்த குடியே போதுமானதாயிருந்தது. ரேகை பதிய மறுத்து உசிலம்பட்டிச் சீமையின் பெருங்காமநல்லூரில் திரண்ட ஜனங்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947ல்தான் ஒழிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1949 செப்டம்பரில், இன்றைய 22ஆவது ஷரத்தை அரசியல் நிர்ணய சபையில் பிரேரேபித்த அம்பேத்கர், இவ்விதிகள் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளவையே என்பதை மறைக்கவில்லை. அரசியல் சாசனத்துக்குள் வந்துவிட்டால் பின்னால் வரும் சட்டசபைகள் சுலபமாக அவற்றைப் பறித்துவிட முடியாது என்பதே அவருடைய வாதம். காரணத்தை அறியும் உரிமை, வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் உரிமை ஆகியவை அப்படி ஸ்திரமாயின. ஆனால் தடுப்புக் காவலுக்கு அதே ஷரத்து விலக்கு அளித்திருப்பது இன்றளவும் என் மனத்துக்கு ஒப்பவில்லை.

நடைமுறைச் சட்டத்தின்படி, பெண்களைச் சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்யலாகாது. அசாதாரண சந்தர்ப்பமானால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன்னனுமதி பெறவேண்டும். இவ்விதி கட்டாயமானதல்ல, வழிகாட்டுவதே என்று மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் கூறியது. விதியை மீறிய அதிகாரி அதற்குத் தக்க விளக்கம் தரவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னதால் ஓரளவு ஆறுதல்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான அந்த 24 மணி நேரக் கணக்கில், பிடித்த இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வரும் பிரயாண நேரம் சேராது. ஊருக்குள்ளேயே ஸ்டேஷனும் கோர்ட்டும் உள்ள மேலூரில் இந்தச் சமாதானத்தை யாரும் சொல்லமுடியாது. கொட்டாம்பட்டியில் பிடிபட்டவனைக்கூட, சாதாரண பஸ்ஸில் ஏற்றினாலும், ஒரு மணி நேரத்துக்குள் கோர்ட்டு வாசலில் இறக்கிவிடலாம்.