முதல்ல தரையைப் பாருங்க, அப்புறம் பக்கி வாங்குங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு தம்பி அனுப்பின கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாலிடெக்னிக்ல படிக்கிறார். சாயங்காலம் ஒரு கடையில வேலை பார்த்து, ஒன்றரை வருஷமா காசு சேர்த்திருக்கார். "அண்ணா, ரிமோட் ரேஸ் பக்கி ஒண்ணு வாங்கணும், பத்துக்கு ஒண்ணு அளவுல. எது பெஸ்ட்?"னு கேட்டிருக்கார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "எந்தத் தரையில ஓட்டப் போறீங்க?"

இந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேட்கலை. அதனால நான் பட்ட பாட்டை முதல்ல சொல்லிடறேன்.

நான் இருக்கிறது கருவடிக்குப்பம். ஊர் பேரைச் சொன்னா பலருக்கு பாரதியாரோட குயில் தோப்பு ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது தரைதான். மேற்கே லாஸ்பேட்டை பக்கம் போனா செம்மண், கிழக்கே கொஞ்ச தூரம் போனா கடற்கரை மணல், நடுவுல சிமெண்ட் தெருவும் மொட்டை மாடியும். சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள்ள மூணு தரை. என்னோட முதல் வண்டி இந்த மூணுல எதுக்கும் பொருந்தாத வண்டி. போட்டியில ஜெயிச்ச மாடல்னு படிச்சு, நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அது கார்பெட் விரிச்ச உள்ளரங்கத்துக்குன்னு செஞ்ச பதிப்பு. செம்மண்ல ஆக்சிலரேட்டரைத் தொட்டா போதும், பின்பக்கம் சுத்திக்கிட்டு வண்டி என்னையே திரும்பிப் பார்க்கும். எனக்குத்தான் ஓட்ட வரலைன்னு நினைச்சு, ஆறு மாசம் அதைப் பரண்ல போட்டுட்டேன்.

ஒரே வண்டி, ஏன் ரெண்டு பதிப்பு?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்ற பக்கியைக் கொண்டு வந்தது. மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால இருந்தது. அன்றைய ட்ராக்குகள் பெரும்பாலும் உதிரி மண். அதுல சக்கரம் வழுக்காம தள்ளணும்னா, பின்சக்கரத்து மேல கனம் உட்காரணும். அதுக்கு அந்த அமைப்பு சரியா இருந்தது.

அப்புறம் ட்ராக்குகள் மாறிச்சு. ஐரோப்பாவுல செயற்கைப் புல்லும் கார்பெட்டும் பரவிச்சு, மற்ற இடங்கள்ல களிமண்ணை இறுக்கி கெட்டியாக்கினாங்க. பிடிமானம் கூடினதும் பிரச்சினை தலைகீழாயிடுச்சு. பின்பக்கம் தேவைக்கு மேல ஒட்டிக்குது, முன்சக்கரம் திரும்ப மாட்டேங்குது. அதனால மோட்டாரைப் பின் அச்சுக்கு முன்னால நகர்த்தினாங்க. 2013-ல் அதே நிறுவனம் பி5, பி5எம்னு ரெண்டு வண்டி விட்டது. ஒண்ணுல மோட்டார் பின்னால, இன்னொண்ணுல நடுவுல. 2016-ல் வந்த பி6 வரிசையில ரெண்டுலயுமே மோட்டார் நடுவுலதான், ஆனா 'டி' எழுத்து போட்டது மண் தரைக்குத் தனியா வந்தது.

இப்போ மற்ற கம்பெனிகளும் மண்ணுக்கு ஒண்ணு, கார்பெட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா விக்கறாங்க. முக்கிய வித்தியாசம் கியர்பாக்ஸ்ல. கார்பெட் பதிப்புல மோட்டார் தாழ்வா, முன்னால தள்ளி இருக்கும். வண்டி கவிழாது, நல்லா வளையும். மண் பதிப்புல கனம் கொஞ்சம் மேலேயும் பின்னாலேயும் இருக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் எடை பின்சக்கரத்துல போய் அழுத்தும். பெட்டியில அந்த ஒரு எழுத்தைப் படிக்காம வாங்கினதுதான் நான் செஞ்ச தப்பு.

உள்ளங்கைச் சோதனை

ஓட்டப் போற இடத்துல முட்டி போட்டு, உள்ளங்கையால ஒரு தேய் தேய்ங்க. கையில பொடி ஒட்டுதா, சரளைக்கல் உருளுதா, இல்ல தரை இறுகி இருக்கா?

எங்க செம்மண்ணை காலை ஆறு மணிக்கு, பனி ஈரத்தோட தேய்ச்சுப் பாருங்க, நல்லாப் பிடிக்கும். பத்து மணிக்கு அதே இடம் மாவு தூவின மாதிரி ஆயிடும். ஐப்பசி மழைக்கு அப்புறம் இன்னொரு தரை. இடம் ஒண்ணுதான், ட்ராக் மூணு.

டயர்தான் முதல் செலவு

மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி டயரை மாத்துங்க. உதிரி மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட முள் வேணும். அது பொடியைத் தாண்டி கெட்டித் தரையைத் தொடும். இறுகின மண்ணுக்குக் குட்டையான, நெருக்கமான முள். கார்பெட்டுக்கும் செயற்கைப் புல்லுக்கும் ரொம்பச் சின்ன, மெல்லிய முள். ஆழமான மணலுக்குத் துடுப்பு மாதிரி பட்டை போட்ட டயர் தனியா இருக்கு.

சிமெண்ட்ல மட்டும் மென்மையான ரப்பர் டயரைப் போடாதீங்க. உப்புத்தாள்ல தேய்ச்ச மாதிரி கொஞ்ச நேரத்துல முள் போயிடும். தெருவுல ஓட்டணும்னா பழைய டயர் ஒரு ஜோடி ஒதுக்கி வையுங்க.

மணல்ல இன்னொரு ஆபத்து இருக்கு, சூடு. சக்கரம் புதையும், மோட்டார் திணறும். சின்ன பினியன் கியர் போட்டு ஓட்டுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மோட்டார்ல விரல் வையுங்க. ரெண்டு மூணு செகண்ட் வைக்க முடியலைன்னா அன்னைக்கு அவ்வளவுதான். அளவுக்கு மீறின சூட்டுல மோட்டாருக்குள்ள இருக்கிற காந்தத்தோட பலம் குறையும், அது திரும்ப வராது.

செட்டப்: நாலு விஷயம் போதும்

ஒண்ணு, தரையிலிருந்து அடித்தட்டு வரைக்கும் உள்ள உயரம். மேடுபள்ளமான மண்ணுல 20 மில்லிமீட்டருக்கு மேல வையுங்க. கார்பெட்ல 16 முதல் 18 வரை இறக்குவாங்க. அதைப் பார்த்து இங்கே இறக்கினா வயிறு தரையில இடிக்கும்.

ரெண்டு, ஷாக் ஆயில். மேடுபள்ளத்துக்கு இளக்கமான ஆயில், அப்பத்தான் சக்கரம் தரையை விடாது. வெயில்ல ஆயில் இன்னும் இளகும். மார்கழியில சரியா இருந்தது சித்திரையில துள்ள ஆரம்பிச்சா, ஒரு படி கெட்டியானது ஊத்துங்க.

மூணு, ஆன்டி-ரோல் பார். வண்டி வளைவுல சாயாம பிடிக்கிற கம்பி. கார்பெட்ல அவசியம். உதிரி மண்ணுல மெல்லிசு போடுங்க, இல்ல கழட்டிடுங்க. கொஞ்சம் சாய்ஞ்சாத்தான் வெளிப்பக்க டயர் மண்ணை அழுத்திப் பிடிக்கும்.

நாலு, இ.எஸ்.சி.யில இருக்கிற பஞ்ச். அதைக் குறைங்க. வழுக்கல் தரையில வேகத்தைக் கெடுக்கிறது பெரும்பாலும் நம்ம விரலோட அவசரம்தான்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அஞ்சு சுத்து ஓட்டி, நேரத்தை நோட்டுல எழுதுங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

கடற்கரைப் பக்கம் ஓட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. அன்னைக்கே பிரஷ்ல மண்ணைத் தட்டி, பேரிங்ல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. உப்புக்காத்து விட்டு வைக்காது.

தம்பிக்குப் பதில்

நீங்க லாஸ்பேட்டை பக்கத்துச் செம்மண்ல ஓட்டப் போறதா எழுதியிருந்தீங்க. அப்படின்னா ரெண்டு சக்கர இழுவை, மண் பதிப்பு வாங்குங்க. நாலு சக்கர இழுவை ஓட்ட சுலபம்தான். ஆனா உதிரி பாகம் அதிகம், பொடி புகுற இடமும் அதிகம், செலவும் கூட. ரெண்டு சக்கர வண்டி ஆரம்பத்துல படுத்தும், விரலுக்கு நிதானம் கத்துக்கொடுக்கும். பழைய மாடல்னாலும் பரவாயில்லை, உதிரி பாகம் கிடைக்குதான்னு மட்டும் கேட்டுக்கோங்க. சேர்த்த காசு முழுக்க வண்டியில போடாதீங்க, ரெண்டு செட் டயருக்கு மிச்சம் வையுங்க.

என்னோட கார்பெட் வண்டி என்னாச்சுன்னு கேப்பீங்க. உள்ளரங்கத்துல ஓட்டற நண்பர் ஒருத்தர் வாங்கிக்கிட்டார். அங்கே அது ரயில் மாதிரி ஓடுது. வண்டி மேலயும் குத்தமில்லை, என் கை மேலயும் குத்தமில்லை.

அடுத்த எபிசோடுல டிஃபரன்ஷியலைப் பிரிச்சு ஆயில் மாத்தறது எப்படின்னு பார்ப்போம். அதுவரைக்கும் ஓட்டப் போற இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு வாங்க.