ஏறும்போது இல்லாத வலி, இறங்கும்போது ஏன்?

ஞாயிறு அதிகாலையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் ஓடியவரை, திங்கட்கிழமை தாம்பரம் ரயில் நிலையத்தில் எளிதாக அடையாளம் காணலாம். நடைமேம்பாலத்தில் ஓரளவு இயல்பாக ஏறிவிடுவார். நடைமேடைக்கு இறங்கும்போதுதான் கைப்பிடியை இறுகப் பற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றுவார். செவ்வாய்க்கிழமை வலி இன்னும் கூடியிருக்கும்.

"லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சு" என்று ஜிம்மில் சொல்வார்கள். பயிற்சியின்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட், பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வரும் வலிக்கு அதன்மேல் பழிபோட முடியாது. தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே இந்த வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார்.

படியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பாரத்தைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குபவர், கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்பது போன்ற வேலை இது. இப்படி நீளும்போதுதான் இழைகள் அதிகம் சிதைகின்றன. அதைச் சீர்செய்ய நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்கின்றன. தசை லேசாக வீங்குகிறது. நரம்புகள் கூச்சம் கொள்கின்றன. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை அதே பயிற்சியைச் செய்தால் இவ்வளவு வலிக்காது. பயிற்சி தசைக்கு வேலை கொடுக்கிறது. ஓய்வில்தான் தசை உரம் பெறுகிறது.

எது உதவும்?

முதலிடம் தூக்கத்துக்கு. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. இரவு 7 முதல் 9 மணி நேரம் தூங்காதவருக்கு வேறு எந்தச் சிகிச்சையும் முழுப் பலன் தராது.

அடுத்தது சாப்பாடு. சாதாரண உழைப்புள்ளவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கடுமையாகப் பயிற்சி செய்வோருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 84 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, பால், தயிர், மீன், கோழி என வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் புரத மாவு டப்பா தேவைப்படாது. சோறும் இட்லியும் வேண்டாத பொருட்கள் என்று ஒதுக்கக் கூடாது. ஓட்டத்தில் தீர்ந்துபோன சர்க்கரை இருப்பைத் தசைக்குள் மறுபடி நிரப்புபவை அவைதான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீருக்குக் கணக்கு வேண்டும். ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் அதற்கு ஏற்றது.

பிடித்துவிடுவதும் பலன் தரும். 99 ஆய்வுகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வுத் தொகுப்பு, வலியையும் களைப்பையும் குறைப்பதில் மசாஜுக்கே முதலிடம் தந்தது. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்திலேயே இருப்பது இப்பகுதி மக்களுக்கு நல்வாய்ப்பு. ஆனால் வீங்கிச் சிவந்த காலையோ, சுளுக்கையோ யாரிடமும் அழுத்திப் பிடிக்கக் கொடுக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐஸ் தண்ணீரில் அமர்வது வலியைக் கொஞ்சம் குறைக்கும். அடுத்தடுத்த நாள் போட்டி இருப்பவருக்கு அது உதவலாம். தசையை வளர்க்க எடை தூக்குபவர் யோசிக்க வேண்டும். 12 வாரப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் 10 டிகிரி குளிர்நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தசை நீட்சிப் பயிற்சியும் வலிக்கு மருந்தாகாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் செய்தாலும், 100 புள்ளி வலி அளவுகோலில் 4 புள்ளிதான் குறைந்ததாக ஆய்வு காட்டுகிறது. மறுநாள் 20 நிமிடம் மெதுவாக நடப்பது, செலவில்லாத நல்ல வழி.

எப்போது அஞ்ச வேண்டும்?

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் இளைஞர்களை நினைத்தால்தான் கவலை கூடுகிறது. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில், பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தோப்புக்கரணங்களுக்கும் தவளைத் தாவலுக்கும் உட்படுத்துகிறார்கள். தசை அளவு மீறிச் சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலோ, தாங்க முடியாத வலியோடு தசை விறைத்து வீங்கினாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

தம்பிகளே, தங்கைகளே, தேர்வு தேதி தெரிந்த நாளிலிருந்து தொடங்காமல், சில மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். தூரத்தை வாராவாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு எடுங்கள். அடுத்த கடும் பயிற்சிக்கு உடம்பு தயாரா என்று அறிய, ரயில் நிலையப் படிக்கட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடினால், இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.