பெயர் வேறு, முகம் ஒன்று!

செல்போன் கம்பெனிகளின் சண்டையும், வாங்குகிறவர்களின் திண்டாட்டமும்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் செல்போன் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் போன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். எல்லாம் கறுப்புக் கண்ணாடி. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். நான்கு மூலையும் வளைந்திருக்கும். முதுகில் இரண்டு மூன்று காமிராக் கண்கள்.

ஒன்றின் விலை 12 ஆயிரம் ரூபாய். பக்கத்தில் இருப்பதன் விலை 80 ஆயிரம்!

"ஏம்ப்பா தம்பி, இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

"உள்ளே இருக்குற சரக்கு வேறம்மா" என்கிறான் கடைப் பையன்.

உள்ளே இருப்பதை யார் பார்க்க முடியும்? வெளியே தெரிவது முகம் ஒன்றுதான். அந்த முகம் யாருக்குச் சொந்தம் என்பதற்காக, உலகின் இரண்டு பெரிய கம்பெனிகள் 7 ஆண்டுகள் கோர்ட்டில் மோதின.

வக்கீலே திணறினார்!

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2007-ம் ஆண்டு ஐபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலான போன்களில் பாதி பொத்தான், பாதி திரை. ஐபோனின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. எல்.ஜி. கம்பெனியும் 'பிராடா' என்ற முழுத்திரை போனை 2006-ம் ஆண்டு கடைசியிலேயே அறிவித்திருந்தது. ஆனால் ஊரார் வாயில் நின்ற பெயர் ஐபோன்தான்.

2011 ஏப்ரலில் ஆப்பிள், கொரியாவின் சாம்சங் மீது வழக்குப் போட்டது. எங்கள் போனின் உருவத்தைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்பது புகார். செவ்வகமும் வளைந்த மூலையும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்பது சாம்சங்கின் வாதம்.

அந்த ஆண்டு அக்டோபரில் கோர்ட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. நீதிபதி லூசி கோ அம்மையார், இரண்டு கம்பெனிகளின் டேப்லட்டுகளையும் தூக்கிப் பிடித்தார். (டேப்லட் என்பது சிலேட்டுப் பலகை அளவுள்ள கருவி.) இதில் உங்கள் கட்சிக்காரர் செய்தது எது என்று சாம்சங் வக்கீலைக் கேட்டார். இவ்வளவு தூரத்தில் இருந்து சொல்ல முடியவில்லை என்றார் வக்கீல். தூரம் சுமார் 10 அடிதான்! கொஞ்ச நேரம் கழித்து, கூட இருந்த இன்னொரு வக்கீல் சரியாகச் சொன்னார்.

2012 ஆகஸ்டு 24-ந் தேதி ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். சாம்சங் 105 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றார்கள். வழக்கு அதோடு முடியவில்லை. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. உருவத்தைக் காப்பி அடித்ததற்காக முழுப் போனின் லாபத்தையும் கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை என 2016 டிசம்பரில் அந்தக் கோர்ட்டு கூறியது. 2018 மே மாதம் மறுபடி ஜூரிகள் கணக்குப் போட்டார்கள். 53 கோடியே 90 லட்சம் டாலர் என்றார்கள். அடுத்த மாதமே இருவரும் சமரசம் ஆகிவிட்டார்கள்.

லண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. சாம்சங் டேப்லட் காப்பி அல்ல என்று நீதிபதி காலின் பிர்ஸ் 2012 ஜூலையில் கூறினார். அவர் சொன்ன காரணம்தான் விசேஷம். ஆப்பிள் செய்ததில் இருக்கும் நேர்த்தி இதில் இல்லையாம்! வழக்கில் ஜெயித்த சாம்சங்குக்கு இது பாராட்டா, திட்டா?

கேலி செய்தார்கள், பிறகு தாங்களும் செய்தார்கள்

இந்தச் சண்டைக்காரர்கள் வியாபாரத்தில் பங்காளிகள். 2017-ல் வந்த ஐபோன் பத்துக்குத் திரை செய்து கொடுத்ததே சாம்சங் குடும்பத்துக் கம்பெனிதான். நம் பக்கத்திலும் அப்படியே. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு பக்கம் சாம்சங்கின் டெலிவிஷன், பிரிட்ஜ் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் ஐபோன்களைப் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலை.

2020 அக்டோபரில் ஆப்பிள், போன் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது. சாம்சங் கேலி செய்தது. மூன்று மாதம்தான். 2021 ஜனவரியில் வந்த சாம்சங்கின் விலை உயர்ந்த போன் பெட்டியிலும் சார்ஜர் இல்லை! ஒருவர் செய்ததை மற்றவர் செய்வது அழகில் மட்டும் அல்ல, நம் பையில் கை வைப்பதிலும்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. சீனாவில் 'ரெட்மி கே 30' என்று விற்ற போன், 2020 பிப்ரவரியில் இந்தியாவில் 'போக்கோ எக்ஸ் 2' என்ற பெயரில் வந்தது. போன் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு.

முகம் ஒன்றாகிவிட்டால் விற்பது எது? பெயரும் விளம்பரமும். பணக்காரப் பெயருக்கு லாபம். நடுத்தரக் கம்பெனி விலையைக் குறைத்துக் குறைத்து மூச்சு முட்டுகிறது. பிராடா செய்த எல்.ஜி., 2021-ல் செல்போன் தொழிலையே விட்டுவிட்டது. அந்தக் காலத்து நோக்கியாவை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். முழுத்திரை போன்கள் வந்தபின் அது பின்தங்கியது. செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ந் தேதி அங்கே உற்பத்தி நின்றது. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெண்கள் மிகப் பலர்.

பிஸ்கோத்து சொன்ன நீதி

பார்த்தால் ஏமாந்துபோகும் சங்கதி நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பார்லே குளுக்கோ பிஸ்கோத்து வழக்கில் 1972-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பார்லே உறையில் ஒரு பெண், பசு, கோழிகள். மைசூர் கம்பெனி உறையிலும் பெண், பசு, கோழிகள்! இந்தப் பெண் தலையில் வைக்கோல் கட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடக்கூடாது என்றது கோர்ட்டு. கடைக்கு வருகிறவர் இரண்டையும் கையில் கொண்டா வருகிறார்? மொத்தத் தோற்றம் ஏமாற்றுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மைசூர் உறைக்குத் தடை விழுந்தது.

ஆனால் பிஸ்கோத்து வேறு, போன் வேறு. 80 ஆயிரம் கொடுப்பவர் நாலு கடை ஏறி விசாரிக்கிறார். மேலும், கோடி கோடியாகச் செலவழித்துக் காத்த அந்த அழகு, வாங்கிய பத்தாவது நிமிடமே 100 ரூபாய் ரப்பர் உறைக்குள் மறைந்துவிடுகிறது!

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் கம்பெனியால் வந்தது. குரோமில் பதனிட்ட தோலுக்கு நீலச் சாயல் இருக்கும். மரப்பட்டையில் பதனிட்டது பழுப்பாக இருக்கும். தோலுக்கு நிறம் சொல்லும் சாட்சியை, போனுக்கு எண் சொல்கிறது.

வாங்கும் முன் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும். (இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும்.) அதே எண் பெட்டியின் மேலும் ரசீதிலும் இருக்க வேண்டும். அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது என்பதை, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் பார்க்கலாம். எழுதியிருக்கும் பெயர் ஒன்று, எண் காட்டும் பெயர் வேறு என்றால், சீட்டுப் பணத்தை மேஜைமேல் வைக்காமல் அடுத்த கடைக்கு நடக்கலாம்.