கழிப்பறைச் சாவி எங்கே?

தோழனே! கடைக்கும் ஆலைக்கும் போகும் நம் பெண்களில் பலர் பகலெல்லாம் தண்ணீரைத் தொடுவதில்லை. தாகமில்லையா? குடித்தால் ஒதுங்க இடமில்லை! அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்ததும், “உடம்புச் சூடு” என்று இளநீரை நீட்டுகிறோம் நாம்.

சூடல்ல, கிருமி! பெரும்பாலும் ஈ.கோலை, 1885-இல் எஷெரிச் என்ற மருத்துவர் கண்டறிந்த, குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. ஆணின் சிறுநீர்க்குழாய் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கோ 4. படையெடுப்புக்கு அவ்வளவு குறுகிய வழி! நீர் பாய்ந்தால் கிருமி அடித்துச் செல்லப்படும், தேங்கினால் பெருகும். ஒழுக்கத்துக்கும் இந்நோய்க்கும் முடிச்சுப் போடும் திண்ணைப் பேச்சாளர்கள் இதைப் படிக்கட்டும். குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் சிறுநீரகம் வரை சென்றிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போ. மருந்தைப் பாதியில் நிறுத்தவிடாதே.

பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டுமென்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. கடைப் பெண்களை யார் நினைத்தார்கள்? கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் அவர்களே திரண்டு கழிப்பறை கேட்டார்கள். 2018-இல் கேரளச் சட்டம் திருத்தப்பட்டு, உட்காரும் உரிமையும் கிடைத்தது. நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது. கழிப்பறைச் சாவி எந்த வரியில் இருக்கிறது?