'ஃபார்மட்' பண்ணிடட்டுமா மாமா?

பழைய பீரோவைக் குடைந்தால் பாச்சா உருண்டைதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு பீரோவிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. 2005-ல் அப்பா வாங்கியது. 'அஞ்சு மெகா பிக்ஸலாக்கும்!' என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்த சமாசாரம்!

காலேஜ் படிக்கும் அக்கா மகள் அதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள். "மாமா, இப்ப இதான் ஃபேஷன்! செல்போன் போட்டோவெல்லாம் போர்!"

அப்பாவின் பெல்பாட்டங்களைப் பாத்திரக்காரியிடம் போட்டது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது.

ஓடிப்போய் 64 ஜி.பி. கார்டு ஒன்றை வாங்கிவந்து சொருகினாள். 'கார்டு எரர்' என்றது கேமரா. சரியென்று அப்பாவின் பழைய 512 எம்.பி. கார்டைப் போட்டாள். அதற்கு, 'ஃபார்மட் செய்யவா?' என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டது.

"பண்ணிடட்டுமா மாமா?"

சமையலறையிலிருந்து அம்மா அலறினாள்: "டேய்! அதிலதான்டா எங்க அறுபதாம் கல்யாண போட்டோ இருக்கு!"

2007-ல் திருக்கடையூரில் நடந்த கல்யாணம். 'பிரிண்ட் போடணும், போடணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். போடவில்லை. காப்பி வைத்திருந்த கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டுவிட்டது. 2011-ல் அப்பாவும் போய்விட்டார்.

பாய்ந்து கேமராவைப் பிடுங்கினேன்.

பி.காம். படித்தவனுக்குக் கேமராவில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது சார்! மெமரி கார்டு என்பது ஒரு குடோன். படங்கள் சரக்கு. எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதிவைக்க உள்ளேயே ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர் உண்டு. 'ஃபார்மட் செய்யவா?' என்று கேமரா கேட்டால், பெரும்பாலும் ரெஜிஸ்டர் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சரக்கு உள்ளேதான் கிடக்கும். நாம் 'சரி' என்றால் புது ரெஜிஸ்டர் போட்டுவிட்டு, 'குடோன் காலி' என்று எழுதிவிடும். சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று ஒன்று இருக்கிறது. அது குடோனையே கழுவிவிட்டுவிடும்!

சரி, புதுக் கார்டு ஏன் ஓடவில்லை? எஸ்.டி. கார்டில் பல தலைமுறைகள் உண்டு. முதலாவது 2 ஜி.பி. வரை. 2006-ல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 வரை. 2009-ல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கும் மேல். இந்த மூன்றுக்கும் ஒரே உருவம், ஒரே அளவு. அதனால் உள்ளே போய்விடும். ஆனால் 2005 கேமராவுக்கு முதல் தலைமுறையின் பாஷை மட்டும்தான் புரியும். பேரனிடம் கொள்ளுத்தாத்தா பேசுகிற கதை! 2 ஜி.பி.யோ அதற்குக் குறைந்ததோ வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

'கார்டு லாக்டு' என்று வந்தால் பதற வேண்டாம். கார்டின் ஓரத்தில் குட்டியாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும். சொருகும்போது அது கீழே நகர்ந்திருக்கும். மேலே தள்ளிவிடுங்கள். பின்பக்கத் தங்க நிறப் பட்டைகளில் அழுக்கு படிந்தாலும் எரர் வரும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எச்சில் தொட்டுத் துடைக்கும் பழக்கம் வேண்டாம்!

ரெஜிஸ்டர் கிழிவது எப்படி? விளக்கு மினுக்கும்போதே கார்டை உருவுவது, படம் எழுதும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துபோவது... எல்லாம் நம் கைங்கர்யம்தான். சும்மா பீரோவில் கிடந்தாலும் வருஷக்கணக்கில் கார்டில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். கார்டு பேங்க் லாக்கர் இல்லை சார், கைப்பைதான்!

இனி என் ஆபரேஷன். முதலில் கார்டின் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளினேன். இனி அதில் தப்பித்தவறிக்கூட எதுவும் எழுதப்படாது. பிறகு கார்டு ரீடரில் சொருகி, 'ஃபோட்டோரெக்' என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டினேன். அது ரெஜிஸ்டரை நம்பாமல் குடோனுக்குள்ளேயே இறங்கி மூலை மூலையாகத் தேடும். கிடைத்ததைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது. பழைய பெயர்கள் போய்விடும், படம் வந்துவிடும்.

வந்தது. 131 படங்கள். அதில் பாதியில் என் கட்டைவிரல்! அன்றைக்குப் போட்டோகிராபர் நான்தானே?

எழுபத்தோராவது படத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள். மாலையும் கழுத்துமாக அப்பா. கண்கள் பாதி மூடியிருந்தன.

"உங்கப்பாவுக்கு போட்டோ எடுக்கிற நேரம் பார்த்துத்தான் கண்ணு சொக்கும்" என்றாள். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் முதல் வேலையாக 131-ஐயும் பிரிண்ட் போட்டுவிட்டேன். கட்டைவிரல் உட்பட!