கொடுக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார்: சீகன்பால்கு ஐயரும் நம்ம ஊழியமும்

அண்ணனூர்ல இருந்து பேசுறேன். உங்கள்ல சிலர் கேட்ட ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப்போறோம். "வேற பாஷை பேசுற ஜனங்க நடுவுல ஊழியம் செய்யணும்னு பாரம் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

இதுக்கு நம்ம கடற்கரைக்கே வந்த ஒரு வாலிபரோட வாழ்க்கையில நல்ல பதில் இருக்கு. பர்த்தலோமேயு சீகன்பால்கு. நம்ம சபைகள்ல சீகன்பால்கு ஐயர்னு சொல்லுவோம்.

ஜெர்மனியில புல்ஸ்நிட்ஸ் என்கிற சின்ன ஊர்ல 1682 ஜூலை 10 அன்னைக்குப் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். ஹாலே நகரத்துல படித்தார். டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அவரை அனுப்பினார். நண்பர் ஹென்ரிக் புளூட்ச்சோவோட 1706 ஜூலை 9 அன்னைக்குத் தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24-வது பிறந்தநாள்.

தரங்கம்பாடி அப்போ டேனிஷ் வணிகக் கம்பெனியோட கோட்டை ஊர். அங்க இருந்த ஐரோப்பியர்களுக்குப் போர்ச்சுகீசு மொழியும் ஒரு துபாஷியும் போதும், வேலை நடந்துடும். இவங்க ரெண்டு பேரும் மொழிகளைப் பிரிச்சுக்கிட்டாங்க. புளூட்ச்சோ போர்ச்சுகீசை எடுத்துக்கிட்டார், சீகன்பால்கு தமிழை எடுத்துக்கிட்டார்.

எப்படிக் கத்துக்கிட்டார் பாருங்க. ஒரு வயதான வாத்தியாரைத் தேடிப் பிடிச்சு, அவரோட பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைச்சார். பிள்ளைகளோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். ஹாலேயில இறையியல் படிச்ச மனுஷன்! பிறகு அழகப்பன் என்கிற துபாஷி உதவிக்கு வந்தார். காலையில 7 மணிக்குப் பழைய சொற்களைத் திரும்பப் பார்ப்பார். 8 மணியிலிருந்து மதியம் வரைக்கும் தமிழ்ப் புத்தகங்கள். பக்கத்துல ஒரு புலவர் இருந்து புரியாததை விளக்குவார்.

இதோட நின்னிருந்தா, பிரசங்கம் பண்ணத்தானே பாஷை படிச்சார்னு சொல்லிடலாம். ஆனா அவர் இன்னும் உள்ளே போனார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ரெண்டே வருஷத்துல, 1708-ல், நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போட ஒரு பட்டியல் தயார் பண்ணினார். அதுல திருக்குறளும் உண்டு. அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். கவனிங்க, தமிழ்ல புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் தொடங்கினதும் அதே 1708-தான். ஒரு கையால வாங்கிக்கிட்டே மறு கையால கொடுத்திருக்கார்.

அந்த வருஷக் கடைசியிலேயே கோட்டை கவர்னரோட மோதல் வந்து நாலு மாசம் சிறையில இருந்தார். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார். 1711-ல் மொழிபெயர்ப்பு முடிஞ்சது. அச்சு இயந்திரம் லண்டன்ல இருந்தும், தமிழ் எழுத்துகள் ஹாலேயில இருந்தும் வந்தன. எழுத்துகள் ரொம்பப் பெரிசு, தாள் தாங்காது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிச்சாங்க. 1719 பிப்ரவரியில அவர் இறந்தபோது வயசு 36.

இங்க ஒரு சிக்கலையும் பேசித்தான் ஆகணும். அவர் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார், அதை ஒளிக்கவே இல்லை. தமிழ் மக்களோட வழிபாட்டை வெளிப்படையா மறுத்தும் பேசினார். ஆனா மறுக்கிறதுக்கு முன்னாடி, அவங்க என்ன நம்புறாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டார். கேள்விகளை எழுதி அனுப்பி, தமிழர்கள் எழுதின பதில்களை வாங்கி, 99 கடிதங்கள் ஜெர்மன்ல வெளிவந்தது. 1713-ல் தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஹாலேயில இருந்த தலைவர்களுக்கு அது பிடிக்கலை. அதை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம் என்கிறது அவங்க நினைப்பு. அந்த நூல் சென்னையில அச்சாக 1867 வரைக்கும் ஆச்சு.

எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். நாம அன்பு காட்டுறோம்னு சொல்றப்போ, எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும்: "இது என்மேல இருக்கிற அன்பா, இல்ல என்னை மாத்துறதுக்கான தூண்டிலா?" இதுக்கு வாயால பதில் சொல்ல முடியாது. அவங்க நம்மள மாதிரி மாறவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகும் அவங்ககிட்ட கத்துக்க உட்காருவோமா? அதுதான் சோதனை. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 13-ம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட பொறுமையா ஒருமுறை வாசிச்சுப் பாருங்க. பவுல் அங்க பாஷையில இருந்துதான் ஆரம்பிக்கிறார்.

நம்ம ஏரியாவையே எடுத்துக்கோங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் முடியுற நேரத்துல லோக்கல் ட்ரெய்ன் ஏறினா ஹிந்தி, ஒடியா, பெங்காலி எல்லாம் காதுல விழும். நான் ஒரு தம்பிகிட்ட ஹிந்தி கத்துக்கிறேன். லேத் பட்டறையில வேலை செய்றான். தமிழ்ல 'கானா'ன்னு எழுதினா ஹிந்தியோட சாப்பாடும் அதுதான், பாட்டும் அதுதான். ரெண்டுக்கும் உச்சரிப்பு வேற. அந்த 'க'வை என்னைப் பத்து தடவை சொல்ல வைப்பான். அந்த அரை மணி நேரம் அவன் வாத்தியார், நான் மாணவன். பகல் முழுக்க எல்லாரும் அவனுக்கு வேலை சொல்றாங்க. ஒருத்தர் அவன்கிட்ட பாடம் கேட்கிறது அவனுக்குப் புதுசு. பிஸ்கட் பாக்கெட் கொடுத்துட்டு வந்திருந்தா இந்த உறவு வந்திருக்காது. உதவி தேவைதான், தப்பே இல்லை. ஆனா கொடுக்கிற கை எப்பவும் மேலேயே இருக்கும். கத்துக்க உட்கார்றப்போதான் ரெண்டு பேரும் சமமா ஆகுறோம்.

அதனால, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டவங்களுக்கு இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்க தெருவுல, கடையில, கம்பெனியில வேற பாஷை பேசுற ஒருத்தர்கிட்ட போய் மூணு வார்த்தை கேட்டுக் கத்துக்கோங்க. தண்ணீர், அம்மா, நன்றி. அவங்க ஊர் பேரையும் கேளுங்க. அடுத்த வாரம் அதே ஆளைப் பார்க்கிறப்போ அந்த மூணையும் சொல்லுங்க. துண்டுப்பிரதி அன்னைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

என்ன நடந்ததுன்னு எழுதி அனுப்புங்க. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.